அற்புதராணிக்குப் பிடித்த உலக இடங்கள்

உங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தியை வெளிநாட்டுக்குக் கூப்பிடும்போது, "உனக்கு வர விருப்பமோ?" என்று ஒருதடவையாவது கேட்டிருக்கிறீர்களா? விமானச் சீட்டை எடுத்துவிட்டுக் கேட்டது கணக்கில் சேராது.

யாழ்ப்பாணம் குருநகர் அற்புதராணியிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஐம்பது வயது தாண்டியவள், கலியாணம் கட்டாதவள். அவளுடைய முதல் இரண்டு கடவுச்சீட்டும் முத்திரை குத்தியே நிரம்பிவிட்டன, இப்போது மூன்றாவது. கனடா, பிரான்ஸ், லண்டன் என்று மாறி மாறிப் போய் வந்தவள். மாதா கோயில் பங்கிலேயே அதிகம் உலகம் சுற்றியவர் யார் என்று கேட்டால் ரோமாபுரிக்குப் போய்வந்த சுவாமியாரைக்கூடச் சொல்லமாட்டார்கள். அவளைத்தான் காட்டுவார்கள்.

பக்கத்து வீட்டுப் பிலிப்பு அவளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "பிள்ளை, இப்ப எந்த நாட்டிலை நிக்கிறாய்?" என்றுதான் கேட்பார். பிலிப்பு அறுபது வயதுக் கடற்றொழிலாளி, கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். நாக்கில் நண்டு குடியிருக்கிற மனிதர். ஆனால் கடிக்கிறது யாரை என்று பார்த்துத்தான் கடிப்பார்.

அவள் எதற்காக இத்தனை நாடு போனாள்? பிள்ளைப்பேறு பார்க்க. எங்கள் ஆட்கள் எந்தப் பனிக்குள் போய்க் குடியேறினாலும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கவும், மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுக்கவும், குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டவும் ஊரிலிருந்து ஒரு பெண் வந்து இறங்கவேண்டும். தாய் இருந்தால் தாய். தாய் போய்ச் சேர்ந்திருந்தால், அல்லது வெளிநாட்டில் வேலையை விட ஏலாதவளாக இருந்தால், கலியாணம் கட்டாத ஒருத்தி. போர் ஓய்ந்த சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த கையோடு, ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் செபநாயகம் தன் கடைசிப் பிள்ளைக்காக அவளைக் கூப்பிட்டார். பிறகு பாரிஸில் அக்கா ஜெனிற்றா. பிறகு லண்டனில் ஜெனிற்றாவின் மூத்த மகள். அதற்குப் பிறகு ஒருமுறை ஜெனிற்றாவின் முழங்கால் சத்திரசிகிச்சை. அதையும் பிள்ளைப்பேறு மாதிரித்தான் பார்த்தாள்.

போகும்போது பெட்டி நிறையச் சரக்குத்தூளும் கருவாடும் பனங்கிழங்கு ஒடியலும். வரும்போது அதே பெட்டி நிறையச் சொக்கிலேற். திரும்புவதற்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை, "ராணிக்கு ஒண்டையும் காட்டேல்லை" என்று யாருக்காவது நினைவு வரும். அவசரமாகக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நயாகரா நீர்வீழ்ச்சியை அவள் அண்ணியின் குளிர்ச்சட்டைக்குள் நின்று பார்த்தாள். படம் எடுத்து முடிய, குழந்தைக்குப் பால் நேரம் என்று காரைத் திருப்பிவிட்டார்கள். அந்தப் படம் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "குடுத்து வைச்சவள்."

கொடுத்து வைத்தவளாம். விடிய எழும்பிப் போத்தல் அவித்து, அரைத்து, துவைத்து, தேய்த்து, இரவு குழந்தை அழும்போது மற்றவர்கள் வேலைக்குப் போகவேண்டியவர்கள் என்பதால் தானே எழும்பி, ஆறு மாதம் முடிய ஒரு பெட்டிச் சொக்கிலேற்றோடு திரும்பி வருகிறவளுக்கு எங்கள் சமூகம் வைத்திருக்கும் பட்டம் அது. இதே வேலையை அந்நிய வீட்டில் செய்தால் சம்பளம், விடுமுறை, சட்டம் எல்லாம் உண்டு. சொந்த வீட்டில் செய்தால் அதற்குப் பெயர் உல்லாசப் பயணம்.

இவ்வளவுக்கும் நடுவில் அற்புதராணி தனக்கென்று ஒன்றே ஒன்றைத் தேடிக்கொண்டாள். அது லண்டனில் தொடங்கியது. ஜெனிற்றாவின் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நூலகம் இருந்தது. மழைக்கு ஒதுங்கக் குழந்தையோடு உள்ளே போனவள், அங்கே ஒரு பெண் நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து, சுற்றிவர இருந்த சிறுவர்களுக்குக் கரடிக் கதை சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டாள். பாதி விளங்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவர்களின் வாய் திறந்திருந்த விதம் விளங்கியது. ஊருக்கு வந்ததும் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். கடைசிப் பரீட்சை நேரம் அக்காவின் முழங்கால் வந்தது. அடுத்த வருடம் எழுதிச் சித்தியடைந்தாள்.

போன ஐப்பசியில் பிலிப்புவின் சங்கம் கடற்கரையோரம் ஒரு முன்பள்ளி கட்டி முடித்தது. தையில் திறப்பதென்றும், அற்புதராணிதான் பொறுப்பாசிரியர் என்றும் கூட்டத்தில் முடிவானது. அவளுக்கு அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. சந்தோசத்தில்தான்.

அடுத்த கிழமை செபநாயகம் தொலைபேசியில் வந்தார். மகள் றொசாந்திக்குத் தையில் பிள்ளை பிறக்கப்போகிறதாம். றொசாந்தி கலியாணம் கட்டிப் போயிருப்பது ஐரோப்பாவின் வடக்கே ஒரு பனி நாடு. நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் அந்த நாட்டிலிருப்பவர்கள் மட்டும் கோபிப்பார்கள், மற்ற நாட்டுக்காரர் தப்பிவிடுவார்கள்.

"சீட்டு எடுத்திட்டன் ராணி. விசாவுக்குக் குடுக்கிற கடிதமும் வரும்" என்றார் செபநாயகம்.

தையில் முன்பள்ளி திறக்கிறது, தான்தான் பொறுப்பு என்று அவள் சொன்னாள். அவர், ஆ, அது வந்து பார்க்கலாம்தானே என்றார். வந்து பார்க்க அது என்ன, அலுமாரியில் பூட்டி வைத்த சேலையா? நான் இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றாள். அந்தச் சம்பளத்தில் மீன்கூட வாங்க ஏலாது, அதுக்குப் போய் ஏன் அந்தரப்படுகிறாய் என்றார்.

அதன் பிறகு அவள் குடும்ப வட்சப் குழுவில் எத்தனையோ விதமாக மாட்டேன் என்றாள். உடம்பு ஏலாது என்று ஒருமுறை எழுதினாள், அண்ணி சத்துமா அனுப்புவதாகப் பதில் போட்டாள். இந்தமுறை வரவில்லை என்று நேராகவே எழுதினாள், ஐந்து பேர் சிரித்த முகம் போட்டார்கள். குளிருக்குப் பயப்படுகிறாள் என்று பாரிஸிலிருந்து ஜெனிற்றா முடிவுகட்டி, முழங்காலுக்குக் கீழே தொங்குகிற மண்ணிறக் குளிர்ச்சட்டை ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். உள்ளே முழுவதும் மயிர். குருநகர் வெயிலில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அற்புதராணிக்கு அழுகை வரவில்லை. யாருக்காவது அடிக்கவேண்டும் போலிருந்தது.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து வாய்விட்டே கேட்டாள், நான் சொல்வது உங்களுக்குத் தமிழாகக் கேட்கவில்லையா என்று. ஜெனிற்றா பக்தியுள்ளவள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ராணி, உனக்கு ஆண்டவர் பிள்ளை குடுக்காததே எங்கடை பிள்ளையளைப் பாக்கத்தானடி. அதை யோசி."

நன்றாக யோசிக்கவேண்டிய விசயம்தான். பிரபஞ்சத்தைப் படைத்தவர் என்று சொல்லப்படுகிறவர், குருநகரில் ஒருத்தியின் வாழ்க்கையை மறித்து வைத்து, பாரிஸுக்கும் ரொறன்ரோவுக்கும் சம்பளமில்லாத வேலையாள் பிடித்துக் கொடுக்கும் முகவராக இருக்கிறாராம். தங்கள் வசதிக்குக் கடவுளின் கையெழுத்தை வைக்கிறவர்களுக்கு நாக்குக் கூசுவதில்லை.

அந்தப் பேச்சின் முடிவில் வீட்டுக் கதையும் வந்தது. தாய் தகப்பன் வீடு. சீதனமாக எழுத ஒரு கலியாணம் நடக்காததால் அது இன்னும் மூவருக்கும் பொது. உன்னை அதில் தனியாக இருக்க விட்டிருக்கிறோம், நாங்கள் ஏதாவது கேட்டோமா என்றாள் ஜெனிற்றா. அற்புதராணி தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அதற்குப் பிறகு மாட்டேன் என்று எழுதுவதை நிறுத்தினாள்.

விசா நேர்முகத்துக்கான பாடம் தொடங்கியது. வெளிநாடு போகிற எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் வேலைக்குப் போவதாக நினைத்து மறுத்துவிடுவார்களாம். அதனால் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லவேண்டும். என்னென்ன இடம் என்று கேட்டால் தடக்காமல் சொல்லவேண்டும். ஒவ்வொரு நாட்டுக்குப் போகமுதலும் அற்புதராணி அந்த நாட்டின் இடங்களைப் பாடமாக்கியிருக்கிறாள். ஈபிள் கோபுரத்தின் உயரம் அவளுக்குத் தெரியும். அதன் காலடிக்கு அவள் போனதில்லை.

செபநாயகம் காணொளி அழைப்பில் வந்து, மூக்குக்கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தூதரக அதிகாரி ஆகிவிடுவார். அற்புதராணி தொலைபேசியைத் தேங்காய்ப்பூச் சட்டிக்குச் சாத்திவைத்துவிட்டுப் பால் பிழிந்தபடி பதில் சொல்வாள். எதற்காகப் போகிறீர்கள்? சுற்றிப் பார்க்க. என்ன பார்ப்பீர்கள்? ராசா மாளிகை, பழைய கப்பல்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகம், பனிமலை. உங்களுக்குப் பனி பிடிக்குமா? மிகவும் பிடிக்கும்.

"குழந்தை எண்ட சொல்லே உன்ரை வாயிலை வரப்படாது" என்று ஒவ்வொரு நாளும் கடைசியில் எச்சரிப்பார். பிறக்கப்போகிறது அவருடைய முதல் பேரப்பிள்ளை. அது இல்லவே இல்லை என்று சாதிக்கத் தங்கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கிழிந்த வலை கட்டிக்கொண்டிருந்த பிலிப்பு, "என்ன பிள்ளை, கோயிலிலை புதுநன்மை எடுக்கப் போறியோ? ஞானோபதேச வகுப்பிலை கேள்வி பதில் ஒப்பிக்கிற மாதிரிக் கேக்குது" என்றார். பிறகு குரல் மாறியது. "தையிலை பள்ளியைத் திறக்கவேணும். நீ போறதெண்டால் சொல்லிப்போடு. நான் குறை நினைக்கமாட்டன். ஆனால் பிள்ளையள் ஆறு மாசம் வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்காதுகள்."

நேர்முகத்துக்குப் போய் வந்து சொல்கிறேன் என்றாள். என்ன சொல்வதென்று அவளுக்கே தெரியாது.

கொழும்பில் அந்த அறை குளிராக இருந்தது. மேசைக்கு அப்பால் முப்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அதிகாரி, பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெடியன். பெயர், வயது, அழைப்பது யார் என்ற கேள்விகள் போயின. எதற்காகப் போகிறீர்கள் என்பதற்குப் பாடமாக்கிய பதிலைச் சொன்னாள். அதிகாரி பழைய கடவுச்சீட்டுகளை விரித்து ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு ஏதோ கேட்டாள்.

"இத்தனை நாடு போயிருக்கிறீர்கள். உலகத்திலேயே உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்கிறா" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

இது அண்ணனின் பாடத்தில் இல்லாத கேள்வி. அது மட்டுமில்லை, இருபது வருடத்தில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி. நயாகரா என்று சொல்ல வாய் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண் பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தாள்.

அற்புதராணி யோசித்தாள். ரொறன்ரோவில் அண்ணனின் மாடிக் குடியிருப்புக்கு நிலத்துக்குக் கீழே உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று இருந்தது. அங்கே தொலைபேசிக்குச் சிக்னல் எடுக்காது. இயந்திரம் சுற்றி முடியும்வரை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் சும்மா இருக்கலாம். ஜமேக்காக்காரி ஒருத்தி அதே நேரத்துக்கு வருவாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அவள் தோடம்பழம் உரித்துப் பாதி தருவாள், இவள் எள்ளுருண்டை கொடுப்பாள். அது நல்ல இடம். பாரிஸில் முருங்கைக்காய் வாங்கத் தமிழ்க் கடைத் தெருவுக்குப் போகும்போது, இருட்டுக்குள் ஓடுகிற ரயில் ஓரிடத்தில் திடீரென்று மேலே ஏறி வெளிச்சத்துக்குள் வரும். கூரைகளும் வானமும் தெரியும். பிறகு மறுபடி கீழே இறங்கிவிடும். அந்தத் துண்டும் நல்லது. லண்டன் நூலகம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது.

"டோகா விமான நிலையம்" என்றாள்.

மொழிபெயர்ப்பாளன் சொல்ல, அதிகாரி சிரித்தாள். அங்கே எல்லோரும் விமானம் மாறத்தானே இறங்குவார்கள், ஏன் அது பிடிக்கும் என்று கேட்டாள்.

"அங்கை ஆறு மணித்தியாலம் என்னை ஒருதரும் கூப்பிடேல்லை."

யார் கூப்பிடுவார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அற்புதராணி மேசையில் கை இரண்டையும் வைத்தாள். குழந்தை கூப்பிடும் என்றாள். குழந்தையின் தாய் கூப்பிடுவாள், தகப்பன் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவான். போகும்போது ஒரு வீட்டுக் குசினி விட்டுப்போகும், வரும்போது மற்றது பிடித்துக்கொள்ளும். இடையில் அந்த விமான நிலையத்தில்தான் தான் யாருடைய ஆளும் இல்லை என்றாள்.

பெடியன் மொழிபெயர்க்காமல் அவளைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றான்.

"யோசிச்சுத்தான் தம்பி சொல்லுறன். நான் சொன்னதை அப்பிடியே சொல்லும்."

அவன் அப்படியே சொன்னான். அதிகாரியின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. இந்தமுறையும் அங்கே ஒரு குழந்தை இருக்கிறதா என்று கேட்டாள். தையில் பிறக்கும் என்றாள் அற்புதராணி. என்ன செய்வீர்கள்? சரக்கு அரைப்பேன், பத்தியம் வைப்பேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவேன், உடுப்புத் தோய்ப்பேன். ராசா மாளிகை? அது அண்ணன் சொல்லித் தந்தது.

விசா மறுக்கப்பட்டது என்று சில நாட்களில் அறிவித்தார்கள். ரொறன்ரோவில் அது சாமம். செபநாயகம் சாமத்திலேயே எடுத்தார்.

"உனக்கு விசரோ? உதை ஏன் அவளுக்குச் சொன்னனீ?"

"கேட்டவ. சொன்னன்."

"கேட்டால் சொல்லுறதோ?"

"நீங்களும் ஒருநாள் கேட்டிருந்தால் உங்களுக்கும் சொல்லியிருப்பன் அண்ணை."

 செபநாயகம் சீட்டுக் காசு வீணாகப் போனதைப் பற்றிக் கதைத்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அண்ணைக்கு விடிய வேலை, படுங்கோ என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். வேலிக்குப் போய்ப் பிலிப்புவைக் கூப்பிட்டு, தையில் நான்தான் திறப்பேன் என்றாள்.

"உலகம் சுத்தி முடிஞ்சுதோ?" என்று கேட்டார் பிலிப்பு. கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பி வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்கழிக் கடைசியில் றொசாந்தியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. சின்ன வயதில் இவள் தலை இழுத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்ட பிள்ளை. "மாமி, நீங்கள்தான் ஆசைப்பட்டு வாறன் எண்டு நிண்டதா அப்பா எனக்குச் சொன்னவர். அதாலைதான் நான் ஓம் எண்டனான். இஞ்சை தாதிமார் வீட்டுக்கு வருவினம். இவருக்கும் மாதக்கணக்கிலை லீவு இருக்கு. எனக்கு ஒருதரும் வரத் தேவையில்லை எண்டு நான் முதலே சொன்னனான் மாமி." அற்புதராணி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளையும் கேட்கவில்லை, இவளையும் கேட்கவில்லை. நடுவில் நின்ற ஒரு மனிதர் இருவருக்கும் ஆசையை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார். அதுதான் முறை என்று அவர் இன்றுவரை நம்புகிறார். கெட்டவர் இல்லை. கேட்கும் பழக்கமில்லாதவர்.

முன்பள்ளி தையில் திறந்தது. ஜெனிற்றாவின் குளிர்ச்சட்டை அங்கே ஒரு ஆணியில் தொங்குகிறது. கரடிக் கதை நாட்களில் பிள்ளைகள் முறை வைத்து அதற்குள் புகுந்து உறுமுகிறார்கள். வியர்த்து ஒழுகுகிறது, கழற்றமாட்டார்களாம். பத்து மணிக்கு எல்லோரும் கடலைப் பார்த்திருந்து கஞ்சி குடிப்பார்கள். அந்த நேரம் அவளை, "ரீச்சர், ரீச்சர்" என்று ஓயாமல் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அது கரைச்சலாகத் தெரியவில்லை. அது அவள் தேடிப்போன கூப்பிடுதல்.

கதை இத்தோடு நல்லபடி முடிந்ததென்று எழுந்துவிடாதீர்கள். லண்டனில் ஜெனிற்றாவின் மூத்த மகளுக்கு வைகாசியில் மூன்றாவது பிள்ளை. குழு கூடிக் கதைத்தது. ராணியை நம்ப ஏலாது, வாயில் பூட்டில்லை என்று முடிவானது. அரியாலையில் அவர்களுடைய சின்னம்மாவின் மகள் றஜிதா இருக்கிறாள். முப்பத்தெட்டு வயது, புருசனைக் கடலில் பறிகொடுத்தவள், வீட்டில் ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கை பிடித்து வருகிறாள். "அவளுக்கும் ஒரு மாறுதலாயிருக்கும், பாவம்" என்றாராம் செபநாயகம். மூக்குக்கண்ணாடி மறுபடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருக்கிறது. றஜிதா தைத்தபடியே லண்டன் பாலங்களின் பெயர்களைப் பாடமாக்குகிறாள். அற்புதராணி அரியாலைக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "என்னண்டு அக்கா மாட்டன் எண்டுறது? அவையள் கேக்கேல்லையே, சொல்லுறவை" என்றாள் றஜிதா.

உங்கள் வீட்டு றஜிதா யார் என்று உங்களுக்குத் தெரியும். இதை வாசித்து முடித்ததும் அவளுக்குத் தொலைபேசி எடுங்கள். பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கதைக்காதீர்கள், சீட்டைப் பற்றிக் கதைக்காதீர்கள். "உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்?" என்று ஒன்றைமட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.